பத்து மெஷின் போடும் முன்: தையல் தெரிந்தவருக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?

கேள்வி இது: "திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்து வருடமாக லைன் சூப்பர்வைசர். கட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லா வேலையும் தெரியும். நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் எடுத்து, பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். கணக்கு வழக்கு பழக்கமில்லை, ஆங்கிலமும் வராது. சின்ன முதலாளியாக நிலைத்து நிற்க வேறு என்ன திறமை வேண்டும்?"

நான் இந்த ஊரில் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். இழுத்து மூடியவர்களின் கடைசி வருடக் கணக்கெல்லாம் பார்த்திருக்கிறேன். தையல் சரியில்லாமல் மூடிய யூனிட் அபூர்வம். மூடியவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே நல்ல வேலைக்காரர்கள். ரேட் போடத் தெரியாமல், அல்லது தைத்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வாங்கத் தெரியாமல் போனார்கள். ஆகவே இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மற்றதைப் போகிற போக்கில் தொடுகிறேன்.

முதலில் ரேட். ஜாப் ஒர்க்கில், வேலை தரும் கம்பெனி (இங்கே அதைப் பார்ட்டி என்போம்) வெட்டிய துணியை அனுப்பும்; தைத்துக் கொடுக்க பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பார்ட்டி ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டைக் காட்டி "பீஸுக்கு 29 ரூபாய், எல்லாரும் இந்த ரேட்டுக்குத்தான் ஓட்டுறாங்க" என்பார். இந்த இடத்தில் மனக்கணக்கு போடக் கூடாது. கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

பத்து டெய்லர், ஷிப்டுக்கு 650 ரூபாய் என்றால் 6,500. செக்கிங், கைமடி, ஹெல்பர் என மூன்று பேருக்கு 450 வீதம் 1,350. வாடகை மாதம் 18,000, அதாவது 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு சுமார் 700. கரண்ட் 300. நூல், ஊசி, ஆயில் 500. கூட்டினால் 9,350. எட்டு நிமிட வேலையுள்ள பீஸ் என்று வைத்துக்கொள்வோம். பத்து மெஷின், 480 நிமிடம், மொத்தம் 4,800 நிமிடம். ஏட்டளவில் 600 பீஸ் வர வேண்டும். வராது என்பது சூப்பர்வைசரான உங்களுக்கே தெரியும். புது யூனிட்டில் 350 வந்தால் நல்ல நாள். 9,350-ஐ 350-ஆல் வகுத்தால் பீஸுக்கு 26.70. ரேட் 29. "நாளுக்கு 800 ரூபாய் நிற்கிறது, மாதம் இருபதாயிரம், பரவாயில்லை" என்று ஆர்டரை எடுத்துவிடுவீர்கள்.

விட்டுப்போனது இரண்டு. ஒன்று மெஷின். பத்து மெஷினுக்கு ஐந்து லட்சம் போட்டு, ஐந்து வருடம் ஓட்டலாம் என்றால், நாளுக்கு 320 ரூபாய் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது நீங்கள். இன்று சூப்பர்வைசராக வாங்கும் சம்பளத்தை உங்களுக்கே போட்டுக்கொள்ளாவிட்டால், வேலையை விட்டதற்கு என்ன அர்த்தம்? மாதம் 25,000 என்றால் நாளுக்கு 960. இப்போது மொத்தம் 10,630; பீஸுக்கு 30.37. லாபம் என்று நினைத்த நாளில் 480 ரூபாய் நஷ்டம். கட்டிங் தாமதமாகி, பாதி நாள் சும்மா உட்கார்ந்து 250 பீஸ்தான் வந்தது என்றால் பீஸுக்கு 42 ரூபாயைத் தாண்டிவிடும். இன்னும் இ.எஸ்.ஐ. சேர்க்கவில்லை. மொத்தம் பதின்மூன்று பேர் என்றால் அதுவும் வரும். பத்துப் பேர் இருந்தாலே வரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், இந்தக் கணக்கில் நாளுக்கு 255 ரூபாய்.

இந்த நஷ்டம் உடனே கண்ணில் படாது. வாரா வாரம் பணம் வரும், போகும். பெட்டியில் ஏதோ இருந்துகொண்டே இருக்கும். மெஷினின் தேய்மானத்தையும் உங்கள் உழைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தின்றுகொண்டிருப்பீர்கள். மூன்றாவது வருடம் ஓவர்லாக் மெஷின் மாற்ற வேண்டி வரும்போது, அல்லது பிள்ளையின் காலேஜ் பீஸ் கட்டும்போது தெரியும். எனவே ரேட் பேசப் போகும்முன் நாள் செலவு எவ்வளவு, அந்த மாடல் எத்தனை நிமிடம், நம் லைனில் எத்தனை பீஸ் வரும் என்ற மூன்று எண்ணும் துண்டுச் சீட்டில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். பத்து வருடம் லைன் பார்த்தவருக்கு நிமிடக் கணக்கு கைவந்த கலை. அதை ரூபாயாக மாற்றும் பழக்கம்தான் இல்லை.

"ரேட்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், முதல்ல பீஸை ஏத்துங்க" என்று சொல்லும் பார்ட்டிகள் உண்டு. ஏற்றிய பிறகு ரேட் பேச உங்களுக்கு வாய் இருக்காது. அந்த மாடலில் எக்ஸ்ட்ரா லேபிள், டேப், டாப் ஸ்டிச் என்று சாம்பிளில் இல்லாதது ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "இதற்கு பீஸுக்கு இவ்வளவு கூடும், சரி என்றால் ஓட்டுகிறேன்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரவும் பழக வேண்டும். மெஷின் சும்மா நிற்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஷிப்ட் கூலிக்கு ஆள் உட்கார்ந்திருந்தால், சில நாள் குறைந்த ரேட்டுக்கு ஓட்டுவது நியாயம்தான். அதைத் தெரிந்தே செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பத்து மெஷினில் டி-ஷர்ட்டுக்குப் பதில் உள்ளாடை தைக்கும் பவர் டேபிள் யூனிட் போடுவதாக இருந்தால் ரேட் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே கூலி டஜன் கணக்கு. உற்பத்தியாளர் தரப்பில் சைமா என்ற பனியன் உற்பத்தியாளர் சங்கமும், பவர் டேபிள் உரிமையாளர் சங்கமும் பல வருடத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடும் வழக்கம் இருக்கிறது. ஒப்பந்தப்படி கூலி உயரும் வருடத்தில் உயர்வை வாங்குவது அவரவர் சாமர்த்தியம். சங்கத்தில் சேர்ந்து கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தால் யார் கொடுத்தார், யார் இழுக்கிறார் என்பதாவது தெரியும்.

இனி பணம் வரும் நாள். சூப்பர்வைசராக இருந்தவரை சனிக்கிழமை சம்பளம் ஆபீசிலிருந்து வந்தது. நீங்கள் பிரித்துக் கொடுத்தீர்கள். இனி அது உங்கள் பையிலிருந்து போக வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வாரக் கூலி மட்டும் 47,100 ரூபாய். பார்ட்டி "அறுபது நாள்" என்றால் அதற்குள் எட்டு அல்லது ஒன்பது சனிக்கிழமை வந்துவிடும். ஆக, முதல் பேமெண்ட் கைக்கு வருமுன் கூலிக்கு மட்டுமே ஏறத்தாழ நான்கு லட்சம் போட்டிருக்க வேண்டும். வாடகையும் கரண்டும் தனி. மெஷினுக்கான ஐந்து லட்சத்தை எல்லாரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நான்கு லட்சத்தை எடுப்பதில்லை. உங்கள் நகையும் சீட்டுப் பணமும் மெஷினுக்கே சரியாகிவிடும் என்றால், ஆறு மெஷினோடு ஆரம்பியுங்கள். அல்லது பழைய மெஷின் வாங்குங்கள். மீதியை சனிக்கிழமைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைகிறார். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறாரே, அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தினமும் அசலைக் குறைத்துக்கொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது 8,500-இல் பாதிதான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்த ஜாப் ஒர்க்கிலும் அவ்வளவு லாபம் கிடையாது. நகையை வைப்பதாக இருந்தால் வங்கியில் வையுங்கள், அதையும் சனிக்கிழமைப் பற்றாக்குறைக்கென்று ஒதுக்குங்கள்.

பணம் கேட்பது தனித் திறமை. நம் ஊரில் நல்லவர்கள் பலருக்கு அது வராது. "சும்மா சும்மா கேட்டா அண்ணன் தப்பா நினைச்சுக்குவாருங்க" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த அண்ணனுக்கு டையிங்காரர், நிட்டிங்காரர், பிரிண்டிங்காரர் என்று எத்தனையோ பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் இருப்பதை முதலில் வந்து நிற்கிறவருக்குத்தான் கொடுப்பார். கோபப்படாமல், சண்டை போடாமல், சொன்ன நாளில் போய் நிற்பவர் வாங்கிக்கொண்டு போவார். பில் போட்ட அன்றே தவணைத் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். தேதிக்கு மூன்று நாள் முன்பு அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு ஒரு போன்: "பில் ஏறிடுச்சுங்களா? ஏதாவது டெபிட் இருக்குதுங்களா?" இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். பணம் கொடுக்கும் நாளில்தான் பல இடங்களில் "பீஸ் குறையுது, ஆயில் கறை" என்று பில் தொகையில் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட் முளைக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணோடு ஆன்லைனில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜென்டை விட்டுவிடுங்கள். முதல் பில் போடும் முன்னரே பதிவு செய்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு யூனிட்டுக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டியில். இதற்கான அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் செய்யலாம்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: புகார் போட்ட பிறகு அந்தப் பார்ட்டி உங்களுக்கு வேலை தர மாட்டார். உறவு முறிந்துவிட்டது, பணமாவது வரட்டும் என்ற நிலையில்தான் அதை எடுக்க முடியும். அதைவிட அதிகம் வேலை செய்வது வருமான வரி வழியாக வந்த நெருக்கடி. 2023 நிதிச் சட்டத்தில் கொண்டுவந்து, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமலான 43பி(எச்) விதிப்படி, இந்தக் கெடு தாண்டி மார்ச் 31-இல் பாக்கி நிற்கும் தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே "சின்ன யூனிட் பாக்கியை முடித்துவிடுங்கள்" என்று சொல்வார். உங்கள் உத்யம் எண் அவர் கையில் இருந்தால்தான் உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வரும். இன்னொன்று: பில்லுக்கு 180 நாளில் பணம் தராவிட்டால் அவர் எடுத்த ஜி.எஸ்.டி. வரவை (உங்கள் பில்லின் வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும். இதைப் போனில் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். நினைவூட்டும் கடிதத்தில் ஒரு வரியாகப் போட்டால் போதும், அக்கவுண்ட்ஸ் ஆளுக்குப் புரியும்.

எந்தப் பார்ட்டிக்கு ஓட்டுவது என்பதும் ரேட் அளவுக்கு முக்கியம். உங்கள் பழைய கம்பெனியே வேலை தருவதாகச் சொல்லியிருக்கலாம். ஆரம்பிக்க அது நல்ல வழி. ஆனால் வருடக்கணக்கில் அந்த ஒரு பார்ட்டியையே நம்பி ஓட்டாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டர் மட்டுமே ஓட்டிய எக்ஸ்போர்ட்டர்கள் தடுமாறினார்கள், அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தவர்களுக்குப் பீஸ் வரத்தே குறைந்தது. ஐரோப்பா ஆர்டர் வைத்திருந்தவரிடமோ காதர்பேட்டை உள்நாட்டு வியாபாரத்திலோ ஒரு கால் வைத்திருந்தவர்கள் ஆளைக் கலைக்காமல் சமாளித்தார்கள். உள்நாட்டு வியாபாரத்தில் தவணை இழுக்கும், தீபாவளி முடிந்தால் வேலை படுத்துவிடும். எக்ஸ்போர்ட்டில் தரக் கெடுபிடி அதிகம், ஷிப்மென்ட் தவறினால் ஏர் பிரெயிட்டை (விமானத்தில் அனுப்பும் செலவை) உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் குறை உண்டு. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வரும் நிலை முதல் வருடத்தில் தவிர்க்க முடியாதது. மூன்றாவது வருடத்திலும் அப்படியே இருந்தால் நீங்கள் இன்னும் அவருடைய சூப்பர்வைசர்தான், வாடகை மட்டும் உங்களுடையது.

கட் பீஸ் வரும்போது எண்ணி வாங்குங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். டி.சி.யில் (சரக்கோடு வரும் டெலிவரி சலானில்) 2,000 என்று இருக்கும், கட்டைப் பிரித்தால் 1,960 இருக்கும். டெம்போக்காரர் அவசரப்படுவார், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவீர்கள். கடைசியில் நாற்பது பீஸுக்குத் துணி விலையோடு டெபிட் வரும். ஒரு பீஸ் துணியின் விலை உங்கள் தையல் கூலியைவிடப் பல மடங்கு. எண்ண நேரமில்லை என்றால் "எண்ணிக்கை சரிபார்க்கவில்லை" என்று டி.சி.யிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அன்று மாலைக்குள் எண்ணித் தகவல் சொல்லிவிடுங்கள். ஷேடு மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் தைப்பதற்கு முன்பே தனியே எடுத்துப் போட்டோ அனுப்புங்கள். தைத்து முடித்த பிறகு சொன்னால் ஓட்டை உங்களுடையது.

ஆட்கள் விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது குறைவு. ஒன்றே ஒன்று. கம்பெனி லைனில் சத்தம் போட்டு வேலை வாங்கியபோது ஆள் நின்றது கம்பெனிக்காக: பஸ் வசதி, கேன்டீன், பி.எப். அதெல்லாம் உங்கள் ஷெட்டில் கிடையாது. டெய்லர் மதியம் சாப்பிடப் போய்விட்டு அடுத்த தெரு யூனிட்டில் உட்கார்ந்துவிடுவார். அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அட்வான்ஸோடு போனவர்களின் பட்டியல் எல்லா முதலாளியிடமும் இருக்கிறது. பீஸ் ரேட் டெய்லருக்கு வேண்டியது விடாமல் வேலை. கட்டிங் வரவில்லை என்று வாரத்தில் இரண்டு நாள் உட்கார வைத்தால் உங்கள் நல்ல குணம் எதுவும் அவரைப் பிடித்து வைக்காது. சனிக்கிழமை சாயங்காலம் சொன்ன நேரத்துக்குக் கூலி, தீபாவளிக்கு முன் போனஸ், காத்திருக்க விடாமல் பீஸ். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஆள் நிற்கும். போனஸுக்கென்று வாரம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள், ஐப்பசியில் ஓடாமல் இருக்கலாம்.

அரசு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 30 லட்சம் பில் ஆகும். ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால் 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். துணி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம். பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும், அதாவது மாதம் சுமார் 13,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து முதலில் போகும். சிறு தொழிலுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையான காம்போசிஷனில் சேர்ந்தால் வேலை குறையுமே என்று சிலர் கேட்பார்கள். அதில் பார்ட்டியிடம் வரி வசூலிக்க முடியாது, அவருக்கு வரவும் கிடைக்காது. எக்ஸ்போர்ட் பார்ட்டிகள் விரும்ப மாட்டார்கள். பில்லில் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருடம் 30,000 ரூபாய். உங்கள் வருமானத்துக்கு வரியே வராமல் இருக்கலாம், ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் முழுக்கத் திரும்பி வரும். போடாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கடன் வாங்குவதாக இருந்தால் முத்ராவை விசாரியுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களும் சொல்வார்கள். பி.எம்.இ.ஜி.பி. போன்ற திட்டத்தில் மானியம் கையில் கிடைக்காது, மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். மானியத்தை நம்பி மெஷின் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலம் வராதது ஒரு குறையே இல்லை. பார்ட்டியிடம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுப்பும் மெயிலில் அளவு அட்டவணை, தேதி, எண்ணிக்கை பார்க்கத் தெரிந்தால் போதும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். இப்போது லைனில் பலர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள், கூலிப் பேச்சை ஏஜென்ட் வழியாகப் பேசினால் அவர் இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்வார்.

கணக்கு வழக்கு பழக்கமில்லை என்கிறீர்கள். இதை மட்டும் என்னைப் போன்ற ஒருவரிடம் முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். நாங்கள் எழுதுவது போன மாதக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது இன்றைய கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்று எத்தனை பீஸ், என்ன செலவு, யார் எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதி. வீட்டுச் செலவுக்கு யூனிட் பணத்திலிருந்து எடுத்தால் அதையும் எழுதுங்கள், உங்கள் சம்பளம் என்ற தலைப்பில்.

வேலையை விடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது நீங்கள் பார்க்கும் லைனையே உங்கள் யூனிட் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் அந்த நோட்டை எழுதிப் பாருங்கள். அந்த ஆட்கள், அந்தப் பீஸ், வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கம்பெனி தரும் ரேட். மூன்று மாதக் கணக்கில் பணம் நின்றால் நோட்டோடு வாருங்கள், பதிவு வேலைகளைப் பார்ப்போம். நிற்கவில்லை என்றால் நகை வீட்டிலேயே இருக்கட்டும். எந்த மாடலில் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்பதைத் தேடத் தொடங்குங்கள்.